பேஸ் அசையக் கூடாது

படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, காதோரம் நரையும் எட்டிப் பார்த்த பிறகு ஒருவனை மறுபடியும் பெஞ்சில் உட்காரவைத்தால் முகம் எப்படி இருக்கும்? தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையின் மேல்மாடியில் சனி, ஞாயிறு தோறும் நடந்த நவீன நில அளவை வகுப்புக்குப் போய் ஆனந்த்ராஜைப் பார்த்திருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை, கீழே பிரியாணிக் கடை. மதியம் கடையில் தம் உடைத்தார்கள் என்றால் மாடியில் பாடமும் அதோடு உடைந்துவிடும்.

ஆனந்த்ராஜ் ஒன்றும் தெரியாதவன் அல்ல. ஈஸ்வரன் என்பவருடைய சர்வே கம்பெனியில் பல வருஷமாக டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவி பிடித்தவன். ஸ்டாண்டில் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை இடுக்கி, எதிரே கண்ணாடிக் கோலைப் பிடித்து நிற்கிற ஆளை “லெப்ட்டு, லெப்ட்டு, ஒன்னோட லெப்ட்டு எங்க போச்சு?” என்று கத்தியே காலத்தை ஓட்டியவன். ஆனால் காலம் அவனை மட்டும் நம்பி ஓடவில்லை. ரோடு போடுகிறவர்கள் டிரோன் படம் கேட்டார்கள். குவாரிக்காரர்கள், வெட்டிய பள்ளத்தில் இறங்காமலே எத்தனை கல் போயிருக்கிறது என்று கணக்குக் கேட்டார்கள். சோலார் கம்பெனிக்காரர்கள், ஏக்கர் ஏக்கராகக் கிடக்கும் மேடு பள்ளத்தை ஒரு வாரத்தில் கொண்டுவா என்றார்கள். ஈஸ்வரன் டிரோன் வாங்கினார், சாட்டிலைட்டைப் பிடித்து அளக்கும் கருவி வாங்கினார், பிறகு ஆனந்த்ராஜைக் கூப்பிட்டார்.

“கோர்ஸ முடிச்சுட்டு வா, திண்டுக்கல் டிரோன் டீம்ல உன்னைப் போடுறேன். முடிக்கலைன்னா ராஜஸ்தான் சோலார் சைட்டுக்குப் பழைய டோட்டல் ஸ்டேஷனோட ஆள் வேணும். ஒரு வருஷம்.”

இதைச் சொன்ன நேரம்தான் பொல்லாத நேரம். ஆனந்த்ராஜின் மனைவி தீபாவுக்கு அப்போதுதான் வளைகாப்பு முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். ராஜஸ்தான் என்றால் குழந்தை பிறக்கும்போது பாலைவனத்தில் கோல் நட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை முகத்தை முதன்முதலாகப் போனில் பார்க்க வேண்டும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் பிரியாணி வாசனைகூட அவன் மூக்கில் ஏறாது.

வகுப்பை நடத்தியவர் லிடியா மேடம். மெட்ரோ சுரங்கத்துக்கெல்லாம் அளவு எடுத்துக் கொடுத்தவர். சிரிக்காமல் கேலி செய்வார், அதுதான் கஷ்டம். கடைசித் தேர்வுக்கு ஆளுக்கொரு இடத்தை முழுசாக அளந்து வரைபடம் தர வேண்டும். “நீங்க எந்த இடம்?” என்று ஆனந்த்ராஜைக் கேட்டார்.

“குஜிலியம்பாறைக்குக் கிழக்க ஒரு ஊரு மேடம். அங்க ஒரு கண்மாய் இருக்கு. வரத்து வாய்க்கால் தூந்துபோச்சு. லெவல் எடுத்துக் குடுத்தா ஊருக்கு உபயோகமா இருக்கும். அப்புறம் வானம் பாத்த பூமி, மரம் கம்மி, சிக்னல் நல்லா...”

“மாமனார் ஊரா?”

வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த முகேஷ்குமார் மேஜையையே தட்டினான். அதே கம்பெனிக்காரன், டிரோன் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவன், கல்யாணம் ஆகாதவன். “ஊருக்கு உபயோகம்னு எம்புட்டு அழகா சொல்றாரு மேடம்” என்று எடுத்தும் கொடுத்தான்.

லிடியா மேடம் சிரிக்கவில்லை. “போங்க. ஆனா முதல் பாடம் ஞாபகம் இருக்கட்டும். பேஸ் அசையக் கூடாது.”

இந்த ஒரு வாக்கியத்தை அவர் எல்லா வகுப்பிலும் சொன்னார். விஷயம் இதுதான். சாட்டிலைட் அளவையில் கருவி இரண்டு. ஒன்று பேஸ். இடம் தெரிந்த ஒரு புள்ளியில் ஸ்டாண்ட் போட்டு, வானம் பார்க்க நிறுத்திவிட்டால், வேலை முடிகிறவரை அது அங்கேயே தவம் கிடக்க வேண்டும். மற்றது ரோவர். அதைக் கோலில் மாட்டிக்கொண்டு ஆள் ஊரெல்லாம் சுற்றுவான். ரோவர் தான் நிற்கும் இடத்தை பேஸிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். பேஸ் நகர்ந்தால் அது ரோவருக்குத் தெரியாது. பொய்யையும் சென்டிமீட்டர் சுத்தமாக எழுதிக்கொண்டு வரும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் முகேஷ்குமாரும் ஆனந்த்ராஜும் மூட்டை முடிச்சோடு போய் இறங்கியபோது, ஊரே மாப்பிள்ளையை வேடிக்கை பார்த்தது. “அளக்க வந்தாரா, ஆளப் பாக்க வந்தாரா?” என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். வாசலில் தீபா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். மாமியார் சிவனம்மாள் கொல்லைப்பக்கம் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். மாமனார் பெருமாள்சாமி துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டு, “வாங்க மாப்ள” என்றார்.

பெருமாள்சாமி மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவது அவ்வளவுதான். வரும்போது “வாங்க மாப்ள”, போகும்போது “போயிட்டு வாங்க மாப்ள.” நடுவில் உள்ளது எல்லாம் தீபா வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். கோபதாபம் எதுவும் கிடையாது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளைக்கு எதிரே நின்று வாயாடக் கூடாது என்று அவருக்கு ஒரு மரியாதை. ஆனந்த்ராஜுக்கும் அதே மரியாதை தொற்றிக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் இப்படி மதித்து மதித்தே தீபாவின் தொண்டையை வற்றவைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுக் களம். கடலையும் சோளமும் காயப்போடுகிற இடம். நல்ல திறந்தவெளி, ஓரத்தில் மட்டும் ஒரு புளியமரம். ஆனந்த்ராஜ் களத்தின் நடுவில் ஆணியடித்து, அதன்மேல் ஸ்டாண்டை விரித்து, குமிழி நடுவில் நிற்கும்படி மட்டம் பார்த்து, பேஸை ஏற்றினான். யாராவது ஒருவர் பக்கத்தில் காவல் இருக்க வேண்டும். மாமனார் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்.

“தீபா, ஒங்கப்பாவ இதச் செத்த பத்திரமா பாத்துக்கச் சொல்லு.”

“யப்பா, இதப் பத்திரமா பாத்துக்குவீகளாம்.”

“நான் பாத்துக்கிறேன்னு சொல்லுத்தா.”

“பாத்துக்கிறாராம்.”

முகேஷ்குமார் இந்தத் தபால் சேவையை வாயைப் பிளந்து பார்த்தான். அவன் வெயில் ஏறும் முன்பே டிரோனைப் பறக்கவிட்டு, ஊரையும் கண்மாயையும் படம் பிடித்து முடித்து, வேறு வேலை இருப்பதாகச் சொல்லி வண்டி ஏறிவிட்டான். ஆனந்த்ராஜ் ரோவரைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கோயில் கொடிமரம், அடிபம்பு, பஸ் நிற்கும் இடம், கண்மாய்க்கரை, வாய்க்கால் என்று ஒவ்வொன்றாகப் புள்ளி குத்தினான். நடுநடுவே சிக்னல் விட்டுப்போய், கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வந்தது. மேலே போன கரண்ட் லைனைத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்தான். மதியம் நாட்டுக்கோழிக் குழம்பும் இன்னும் இரண்டு வெஞ்சனமும் அவனுக்காகக் காத்திருந்தன. “இருந்து தின்னுட்டுப் போங்க” என்று தீபா உட்காரவைத்தாள். தின்றான். சாயங்காலம் களத்துக்குத் திரும்பியபோது பேஸ் போட்ட இடத்திலேயே நின்றது. குமிழி மட்டும் நூல் அளவு விலகியிருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டான். சர்வேயர்களுக்கு எது தப்பினாலும் காற்று இருக்கிறது.

“போயிட்டு வாங்க மாப்ள” என்றார் பெருமாள்சாமி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெருமையாகச் சொன்னது போலப் பட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வகுப்பில் லிடியா மேடம் டிரோன் படத்தைத் திரையில் போட்டு, ரோவர் எடுத்த புள்ளிகளை அதன்மேல் ஏற்றினார். காலையில் எடுத்தவை கச்சிதமாக உட்கார்ந்தன. அதற்கப்புறம்தான் ஊருக்குக் கிறுக்குப் பிடித்தது. அடிபம்பு நடுரோட்டில் நின்றது. கொடிமரம் யாரோ ஒருத்தர் மாட்டுக்கொட்டகைக்குள் போயிருந்தது. பஸ் நிற்கும் இடம் கிணற்றுக்குள் இருந்தது. வாய்க்கால் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், திடீரென்று பக்கத்துத் தோட்டத்துக்குத் தாவி, அங்கிருந்து கண்மாய்க்குப் போயிற்று.

“ஆனந்த்ராஜ்” என்றார் மேடம். “ஒங்க மாமனார் ஊர்ல பஸ் ஏற நீச்சல் தெரியணுமா?”

ஆனந்த்ராஜுக்கு ராஜஸ்தான் கண்முன்னால் வந்து நின்றது. தீபா வலியில் கத்துகிற சத்தம்கூடக் கேட்டது. பாவம், அவள் அப்போது சௌக்கியமாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள்.

“பேஸோட பதிவைத் திறங்க.”

பேஸ் சும்மா நிற்கும்போதும், தான் எங்கே நிற்கிறோம் என்பதை நொடிக்கு நொடி எழுதிவைத்துக்கொண்டுதான் இருக்கும். அதைத் திரையில் விரித்தார்கள். ஒழுங்கான பேஸ் என்றால் ஒரே ஒரு புள்ளிதான் இருக்க வேண்டும். இங்கே புள்ளிகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. காலையில் களத்தின் நடுவில் ஒரு கூட்டம். பிறகு புளியமரத்துக்கு மேற்கே ஒரு கூட்டம். கொஞ்சம் தள்ளி வடமேற்கில் இன்னொன்று. உச்சி வேளையில் மரத்துக்கு நேர் வடக்கே, மரத்தை ஒட்டி ஒன்று. பிறகு வடகிழக்கு. பிறகு கிழக்கு. சாயங்காலம் மறுபடியும் களத்தின் நடு. எல்லாம் சேர்ந்து மரத்தைச் சுற்றி அரைவட்டம் போட்டிருந்தன.

“கால் முளைச்ச பேஸை இப்பத்தான் பாக்கிறேன்” என்றான் முகேஷ்குமார்.

ஆனந்த்ராஜ் அந்த அரைவட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சூரியன் கிழக்கே இருந்தால் நிழல் மேற்கே விழும். உச்சிக்கு வந்தால் வடக்கே ஒதுங்கும். சாய்ந்தால் கிழக்கே நீளும். சட்டென்று அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நிழல் மேடம்” என்றான் மெல்ல. “எங்க மாமா. மிஷின் வெயில்ல நிக்குதேன்னு நெழலுக்கு நகத்தியிருக்காரு. நெழல் நகர நகர...”

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. லிடியா மேடம்கூடத் திரையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

“தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போகலையா?”

“மாமனாரப் பாத்து ‘தொடாதீங்க’ன்னு எப்படி மேடம் சொல்றது?”

மரத்தடியில் எடுத்த பதிவை வைத்துத் திருத்தம் போடலாம்தான், ஆனால் புளிய இலை சிக்னலைத் தின்றிருக்கிறது, அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் மேடம். அடுத்த சனிக்கிழமை மறுபடி போய், கெட்டுப்போன புள்ளிகளை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். அதற்குமேல் நாள் கிடையாது.

இறங்கி வந்த கையோடு தீபாவுக்குப் போன் போட்டான். அவள் முதலில் கேட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு “ஐயோ, வயிறு வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க” என்றாள்.

“சிரிச்சது போதும். ஒங்கப்பாகிட்ட பக்குவமா சொல்லு. அவரு நகத்துனதாலதான் எல்லாம் போச்சுன்னு...”

“நான் சொல்ல மாட்டேன்.”

“தீபா!”

“டீக்கடைல போய், ‘மாப்ள மிஷின நான்தேன் காப்பாத்துனேன், இல்லைன்னா கருகியிருக்கும்’னு சொல்லிட்டுத் திரியிறாரு. ஸ்டாண்டுக் கால் மூணும் நின்ன எடத்துல எல்லாம் கல்லு வச்சு அடையாளம் பண்ணி, நீங்க வரதுக்குள்ள இம்மி பிசகாமத் திருப்பி வச்சாராம். அம்புட்டு சந்தோசம் அவருக்கு. அவருகிட்டப் போயி நீங்கதான் கெடுத்தீகன்னு நான் சொல்லணுமா?”

ஆனந்த்ராஜுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் மூன்று கற்களைத் தாண்டிப் போக மறுத்தது. ஒரு மனுஷன் குனிந்து குனிந்து ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் கல் வைப்பதை நினைத்தால், எப்படித்தான் கோபப்படுவது?

வேறு யார் நிலத்திலாவது பேஸைப் போடலாம் என்றால், மாமனார் களத்தை விட்டுவிட்டு அடுத்தவன் களத்துக்குப் போனான் என்று ஊர் பேசும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், ஒரு கூட்டமே நனையாமல் நிற்கக்கூடிய பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்கினான். சனிக்கிழமை காலை, களத்தில் பேஸை நிறுத்தி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குடையை அதன்மேல் சாய்த்துவைத்தான்.

“தீபா, இந்தத் தடவ மிஷின் நூலளவும் அசையக் கூடாது, சாட்டிலைட்டுக்காரன் மேல இருந்து பாத்துக்கிட்டே இருப்பான்னு சொல்லு. ஒங்கப்பா நாற்காலில ஒக்காந்து பாத்துக்கிட்டா போதும். குடை இருக்கு.”

“யப்பா, அசையக் கூடாதாம். குடை இருக்காம்.”

“அசையாதுன்னு சொல்லுத்தா.”

அந்த வாக்குறுதியை வாங்கிக்கொடுத்துவிட்டு, தீபா தாயோடு குஜிலியம்பாறை ஆஸ்பத்திரிக்கு மாதாந்திரப் பரிசோதனைக்குப் போய்விட்டாள். ஆனந்த்ராஜ் ரோவரோடு கண்மாய்ப் பக்கம் போனான். கொடிமரம் சரியாக வந்தது. அடிபம்பும் வந்தது. வெயில் ஏறியது. வாய்க்காலில் பாதி தூரம் போயிருப்பான். ரோவர் திரையில் சிக்னல் இறங்கியது. காத்திருந்தான், வரவில்லை. இந்த முறை அவன் கரண்ட் லைனைத் திட்டவில்லை. கோலைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினான்.

களத்தில் பெருமாள்சாமி சொன்ன சொல் தவறவில்லை. பேஸ் நூலளவும் அசையவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. அவர் உச்சி வெயிலில், தலையில் துண்டுகூட இல்லாமல், நின்றுகொண்டிருந்தார். குடை பேஸின் தலைக்குமேல் இருந்தது. குடையின்மேல் நனைத்துப் பிழிந்த கோணிச்சாக்கு ஒன்றைப் போர்த்தியிருந்தார். சாக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது, ஆனால் ஒரு சொட்டும் கருவிமேல் விழாதபடி சாய்த்துப் பிடித்திருந்தார். வெறும் குடை என்றால் சிக்னல் எப்படியாவது நுழைந்திருக்கும். ஈரச் சாக்கைத் தாண்டி எந்தச் சாட்டிலைட்டும் வர முடியாது.

ஆனந்த்ராஜ் தீபாவைத் தேடினான். தீபா இல்லை. வீட்டில் யாருமே இல்லை. புளியமரத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி மட்டும் இருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கன்றுக்குட்டியைப் பார்த்துப் பேசினான்.

“ஈரச் சாக்கு மேல கெடந்தா சிக்னல் வராது.”

பெருமாள்சாமியும் கன்றுக்குட்டியின் பக்கம் திரும்பினார். “ஈரம் இருந்தாத்தானே குளுச்சியா இருக்கும்?”

“அதுக்குக் குளுச்சி வேணாம்.”

“வேணாமுன்னா? போன கோடையில போர் மோட்டாரு இப்படித்தேன், வெயில்ல ஓடி ஓடி காயில் கருகி நின்னுபோச்சு. மிஷினுன்னா எல்லாம் ஒரே மிஷினுதேன்.”

கன்றுக்குட்டி அவரைப் பார்த்தது, இவனைப் பார்த்தது. இந்த விவகாரத்தில் தலையைக் கொடுக்க விரும்பாமல் வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. பாதி வாய்க்கால் பாக்கி. ஆனந்த்ராஜ் இரண்டு எட்டு முன்னால் வைத்து, வாழ்க்கையில் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் பேசினான்.

“மாமா, அந்தக் குடை ஒங்களுக்காக வாங்கிட்டு வந்தது.”

பெருமாள்சாமி திகைத்துப்போனார். பதில் சொல்வதா, தீபா வருகிறவரை காத்திருப்பதா என்று தெரியாமல் தடுமாறினார். பிறகு அவரும் துணிந்துவிட்டார்.

“எனக்கு எதுக்கு மாப்ள? நான் வெயில்லயே கெடக்குறவன். இது கெட்டுப்போச்சுன்னா நீங்க வடக்க எங்கயோ போயிருவீகளாம்ல? பாப்பா சொல்லுச்சு. இது நல்லா வேல செஞ்சாத்தேன் பிள்ள பொறக்கும்போது நீங்க இங்கன இருப்பீகளாம். போன வாரமே சொல்லுச்சு. அதேன்... இதக் காயவிடாம பாத்துக்கிட்டேன்.”

ஒரு வாரமாக ஆனந்த்ராஜ், ஒன்றும் தெரியாத மனுஷன் விளையாட்டுத்தனமாகக் கெடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவனுக்கு இருந்த அதே பயம் அவருக்கும் இருந்தது. தனியாக, யாரிடமும் சொல்லாமல், நிழலோடு நிழலாக நாள் முழுக்க நகர்ந்திருக்கிறார். அவனுக்குக் கண் கரித்தது. வெயிலில் வேர்வை கண்ணில் இறங்கினாலும் கரிக்கும் என்பது நல்ல வேளை.

“மாமா, இது வெயில் தாங்கும். வெயில்ல நிக்கறதுக்குன்னே செஞ்சது.”

“எந்த ஊருல செஞ்சது?”

“சுவிட்சர்லாந்து.”

“அது எப்படி, வெயிலூரா?”

“இல்ல... பனியூரு.”

“பாத்தீகளா!” என்றார் பெருமாள்சாமி. உலகத்துச் சர்வே கருவிகளை எல்லாம் மடக்கிவிட்ட வெற்றி அவர் முகத்தில் இருந்தது.

ஆனந்த்ராஜ் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். சிரித்த கையோடு இவன் சாக்கை எடுத்து மரக்கிளையில் போட்டான். குடையை வாங்கி, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, குடையை அவர் கையில் கொடுத்தான். மாமனார் தோளில் கைவைப்பது மரியாதையா இல்லையா என்று அப்போது அவனுக்குத் தோன்றவேயில்லை. ரோவர் கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்தது. சிக்னல் வந்துவிட்டது.

“நல்லா இருக்கா மாப்ள?”

“நல்லா இருக்கு மாமா. இப்படியே இருங்க.”

மிச்ச வாய்க்காலை அவன் பசிக்காமல், தாகம் எடுக்காமல் அளந்தான். மதியம் வந்த முகேஷ்குமார், சரிபார்ப்பதற்காக டிரோனை மறுபடியும் ஒரு சுற்று விட்டான். தீபாவும் சிவனம்மாளும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, சாப்பாட்டுத் தட்டைக் களத்துக்கே கொண்டுவரச் சொன்னார் பெருமாள்சாமி. “வாக்குக் குடுத்திருக்கேன்த்தா” என்றார். “யாருகிட்ட?” என்று தீபா கேட்டதற்கு, “மாப்ளகிட்டதேன், நேராவே” என்றார். தீபா கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தகப்பனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய வேலை போய்விட்டது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரையில் அடிபம்பு தன் இடத்தில் இருந்தது. கொடிமரம் கோயிலுக்குத் திரும்பி வந்திருந்தது. பஸ் நனையவில்லை. லிடியா மேடம் பேஸின் பதிவைத் திறந்தார். நாள் முழுக்க ஒரே ஒரு புள்ளி. பிறகு டிரோன் படத்தைப் பெரிதாக்கிக் களத்துக்குப் போனார். நடுவில் ஸ்டாண்ட். அதற்குப் பக்கத்தில் கரேலென்று ஒரு வட்டம். வட்டத்திலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, ஸ்டாண்டின் ஒரு காலுக்குப் பக்கத்தில், தொடாமல், காற்றில் காவல் நின்றது.

“இது என்ன?”

“குடை மேடம்.”

“கை?”

“எங்க மாமா.”

“வரைபடத்துல இருக்கற எல்லாத்துக்கும் பேர் போடணும்” என்றார் மேடம். சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டார். இந்த முறை திரையின் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை, எல்லார் முன்னாலும் சிரித்தார்.

ராஜஸ்தானுக்கு ஈஸ்வரன் வேறு ஆளை அனுப்பினார். பங்குனிக் கடைசியில் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் தீபாவுக்குப் பெண் பிறந்தது. பிறந்தபோது ஆனந்த்ராஜ் கதவுக்கு வெளியே நின்றான். முகத்தை முதன்முதலாகப் போனில் பார்க்கவில்லை, தன் இரண்டு கையில் வாங்கித்தான் பார்த்தான். அப்போது அவன் அழுததைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை. கூட நின்ற முகேஷ்குமார் சொல்லிவிட்டான்.

மறுநாள் முற்பகல். தீபா தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த தொட்டிலில் குழந்தை. ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து, மெல்ல மெல்ல நகர்ந்து, தொட்டிலின் விளிம்பைத் தொட்டது. பெருமாள்சாமி ஸ்டூலிலிருந்து எழுந்தார். தொட்டிலைப் பிடிக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. அவர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். தீபா எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

“மாப்ள, இத நகத்தலாமா?”

“இத எம்புட்டு வேணாலும் நகத்தலாம் மாமா.”

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, சத்தம் வராமல், இரண்டு பேரும் தொட்டிலை நிழலுக்கு நகர்த்தினார்கள்.